ஒரு ரூபாயை மிச்சம் விடு

இரவு ஒன்று பத்து. கொள்ளுப்பிட்டி.
ஏழாம் மாடியில் வங்கியின் சேர்வர் அறை.
என் வேலை கதவுக்கு வெளியே:
மணிக்கொருதரம் கண்ணாடியால் எட்டிப் பார்த்து
வெப்பநிலையைக் கொப்பியில் எழுதுவது.
பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு.
ஒருநாள் பத்தொன்பது என்று எழுதினேன்,
மூன்று பேர் காரில் வந்தார்கள்.

உள்ளே நிற்பவற்றின் பெயர் எனக்குத் தெரியாது.
பச்சை விளக்குகள் கண் சிமிட்டும்.
எனக்கல்ல.

மடிக்கணினியில் மட்டும் நான் வேறு ஆள்.
கறுப்புத் திரை, வெள்ளெழுத்து, ஒரு விளையாட்டு.
இர்பான் பென்டிரைவில் தந்தது.
"களவெடுக்கப் பழகு, யாமினி,
ஒருத்தருக்கும் நட்டமில்லை."

அங்கே சேர்வர் என்றால் நான்கு எண்கள்தான்.
எவ்வளவு காசு. எவ்வளவு காவல்.
எவ்வளவு நினைவகம். எத்தனை துறை.
துறைகளை ஒவ்வொன்றாய்த் திறந்துகொண்டு போனால்
அடியில் வேர் கைக்கு வரும்.
வேர் வந்தால் மரம் நம்முடையது.

துறை என்றதும் அண்ணன்.
துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிறவன்.
அவனுடைய துறைக்குள் போக
அடையாள அட்டை, தற்காலிகப் பாஸ்,
பிறந்த இடம் கிளிநொச்சி என்று கண்டால்
அட்டையை இன்னொருதரம் திருப்பிப் பார்ப்பார்கள்.
என் துறை ஒரு வரிக் கட்டளைக்குத் திறக்கும்.
ஊர் கேட்காது.

முதலில் உடைத்தது பணிஸ் விற்கும் பேக்கரி ஒன்றை.
அந்தரத்தில் எல்லாக் காசையும் எடுத்துவிட்டேன்.
எடுக்க எடுக்கக் காவல் எண் ஏறியது,
குண்டுச் சத்தம் கேட்ட தெருவைப்போல.
அதைத் தணிக்க ஒரு கட்டளை இருக்கிறது,
குரைக்கிற நாயின் தலையைத் தடவுகிற மாதிரி.
காசை வளர்க்க இன்னொன்று.
வளர்ப்பது என்றால் பெருக்கல்:
இருப்பதை ஒன்று தசம் சைபர் மூன்றால்.
பேக்கரியில் இருந்தது சைபர்.
விடிய விடியப் பெருக்கினேன்.
சைபர்.

அன்றைக்குத்தான் விதி விளங்கியது.
ஒரு ரூபாயை மிச்சம் விடு.
தணி, வளர், திரும்பத் தணி,
பிறகு எடு.

இத்தனையும் ஓட நினைவகம் காணாது.
ஆகவே சொந்தமாய்ச் சேர்வர்கள் வாங்கினேன்,
எங்கள் ஒழுங்கைக்காரரின் பெயர் வைத்தேன்:
மெனிக்கே அக்கா, பர்ஹானா, செபமாலை,
லோன்றிக் கடை ரவீந்திரன்.
செபமாலை இரவு முழுக்க வளர்க்கிறார்.
மெனிக்கே அக்கா தணிக்கிறா.
நான் எடுக்கிறேன்.
இதை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்,
நல்லாயிருக்கவில்லை.

கோடிகள். என்னிடம் இப்போது கோடிகள்.
ஒரு பிளேன்ரீ வாங்க முடியாது.

இரண்டு இருபதுக்குக் கரண்ட் போனது.
கொழும்பே கறுப்புத் திரை.
மெரைன் டிரைவில் ஒரு ஓட்டோ மட்டும்
கேர்சராய் நகர்ந்தது.
ஜெனரேட்டர் இருமி எழும்பப் பதினொரு வினாடி.
கண்ணாடிக்கு அப்பால் அவை அணையவேயில்லை,
பற்றரியைப் பிடித்துக்கொண்டு நின்றன.
ஏசியின் இரைச்சல் இல்லாத அந்தப் பதினொரு வினாடியில்தான்
முதன்முதலாய்க் கேட்டேன்:
தகரத்தில் மழை தொடங்குகிறாற்போல்
நூறு சின்ன விசிறிகள்.
இரவு வேலைக்காரர்.
பத்தொன்பதரை காட்டியது. எழுதவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது.
அன்பான வாடிக்கையாளரே,
குறைந்தபட்ச மீதி பேணப்படாமையால்
கட்டணம் அறவிடப்பட்டுள்ளது.
மீதி: ரூபா 0.00.

இந்தக் கண்ணாடிக்குள் இருந்துதான் வந்திருக்கும்.
எந்தப் பெட்டி என்று தெரியாது.
விரலால் தட்டினேன்.
பெருக்கத் தெரியாதவனே,
ஒன்றையாவது விட்டிருக்கலாமே.

அது கண் சிமிட்டியது, வேறு யாருக்கோ.
ஆறு மணிக் கட்டத்தில் பதினெட்டு என்று எழுதி
கையெழுத்து வைத்து
பஸ்ஸுக்கு இர்பானிடம் நூறு ரூபா கேட்டேன்.